பாஸுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ஸ்காட் லஃபாரோ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஜாஸ் இசைக்கு, அதிலும் டபுள் பாஸ் வாசித்த ஒருவருக்கு, தமிழ் நாளிதழில் முக்கால் பக்கம் கிடைப்பது அபூர்வம். அதற்கு நன்றி. கட்டுரையில் மூன்று இடங்களில் திருத்தம் தேவைப்படுகிறது. இரண்டு சிறியவை, மூன்றாவது கொஞ்சம் பெரியது.

முதலாவது படக்குறிப்பு. படத்தில் இருப்பது செல்லோ அல்ல, டபுள் பாஸ். செல்லோவை உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிப்பார்கள். டபுள் பாஸ் ஏறக்குறைய ஆறடி உயரம், ஆகவே நின்றுகொண்டோ உயரமான ஸ்டூலில் சாய்ந்துகொண்டோதான் வாசிக்க முடியும். அடையாளம் காண எளிய வழி தோள்தான். செல்லோவின் தோள் வயலினைப் போல உருண்டிருக்கும், பாஸின் தோள் பெரும்பாலும் கழுத்திலிருந்து சரிந்து இறங்கும். பாஸ் கித்தார் என்று உள்ளே ஓரிடத்தில் எழுதியிருப்பதும் தவறு. அது மின்சாரக் கருவி, வேறு வம்சம்.

இரண்டாவது, 'பல ஆண்டுகள் இணைந்து வாசித்த மூவர்' என்ற வரி. பியானோ வாசித்த பில் எவன்ஸ், பாஸ் வாசித்த லஃபாரோ, ட்ரம்ஸ் வாசித்த பால் மோஷன் மூவரும் ஒரு குழுவாக இருந்தது ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். 1959 டிசம்பர் 28 அன்று முதல் ஆல்பம், 1961 பிப்ரவரி 2 அன்று இரண்டாவது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் பிற்பகல் இரண்டு சுற்று, இரவு மூன்று சுற்று, ஆக ஐந்து சுற்றுகளும் பதிவாயின. பதினோராம் நாள், ஜூலை 6 அன்று, நியூயார்க் மாநிலத்தில் ஜெனிவா ஊருக்குப் பக்கத்தில் நடந்த கார் விபத்தில் லஃபாரோ இறந்தார். வயது 25. இத்தனை பேர் இத்தனை காலம் பேசுவதெல்லாம் இரண்டு ஸ்டுடியோ ஆல்பங்களையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையையும் வைத்துத்தான்.

மூன்றாவது, கட்டுரையின் மையமான கருத்து. ஓரிடத்தில் பாஸ் ஜாஸின் பக்கவாத்தியம் என்கிறார் கட்டுரையாளர். இன்னோரிடத்தில் லஃபாரோ தன் மேதைமையால் தனி ஒருவராக அதை விடுவித்தார் என்கிறார். இரண்டுமே சரியில்லை. பக்கவாத்தியம் என்றால் பாடகரின் பின்னே நிழலாக வருவது. பாஸ் பின்னே வருவதில்லை, ஓரடி முன்னே போகிறது. லஃபாரோ விடுபட்டதும் தனியாளாக அல்ல. பியானோக்காரர் தன் இடது கையில் ஓரிடத்தைக் காலியாக விட்டார், ட்ரம்ஸ்காரர் நான்கு அடியையும் அடித்துக் காட்டுவதை நிறுத்தினார், தந்திகள் விரல் பலகையை நோக்கி இறங்கின. இந்த மூன்றும் கூடி வந்ததால்தான் அந்த வாசிப்பு சாத்தியமானது. எப்படி என்று சொல்கிறேன், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமான ஜாஸ் குழுவில் பாஸ் 'வாக்கிங்' வாசிக்கும். நாலடித் தாளத்தில் அடிக்கு ஒரு ஸ்வரம், நிற்காமல், நடந்துபோவது போல. மேற்கத்திய 'சி' ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் நம் ஸ்வரங்களிலேயே இதைக் காட்டிவிடலாம். ஜாஸில் ஆயிரம் பாட்டுகளில் வரும் கார்டுத் தொடர் ஒன்று (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு): டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. அதன்மேல் பாஸ் இப்படி நடக்கும். முதல் பாரில், அதாவது முதல் நான்கு அடியில், ரி, ம, த, பிறகு சுத்த தைவதம். இரண்டாம் பாரில் ப, நி, மேல் ரி, பிறகு சுத்த ரிஷபம். மூன்றாம் பாரில் ச, க, ப, த.

சங்கராபரணம் தெரிந்தவர்களுக்கு இரண்டு ஸ்வரங்கள் உடனே உறுத்தும். அந்தச் சுத்த தைவதமும் சுத்த ரிஷபமும் ராகத்துக்கு அந்நியம். ஆனால் அவை நிற்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டும் நான்காவது அடியில் நிற்கின்றன. அடுத்த பாரின் முதல் ஸ்வரத்துக்கு அரை ஸ்வரம் மேலே நின்று அதற்குள் சரிகின்றன. கேட்பவர் காது 'இதோ பஞ்சமம் வரப்போகிறது' என்று முன்கூட்டியே அறிந்துகொள்கிறது. சாக்ஸபோன்காரர் அடுத்த கார்டுக்குள் கால் வைக்கும் முன் அங்கே தரை போட்டுவைப்பது பாஸின் வேலை. நிமிடத்துக்கு 240 அடி வேகத்தில் இந்த முடிவை விநாடிக்கு நான்கு முறை எடுக்க வேண்டும். முதலடியில் தவறான ஸ்வரம் விழுந்தால் மேலே வாசிப்பவர் எதை வாசித்தாலும் அபஸ்வரமாகவே கேட்கும். திட்டு மட்டும் அவருக்குப் போகும்.

இந்த நடையிலேயே பெரும் கலைஞர்கள் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். பால் சேம்பர்ஸ் ஒருவர் போதும், வேறு உதாரணமே தேவையில்லை. ஆகவே நடப்பதை அடிமைத்தனம் என்றும் லஃபாரோ அதிலிருந்து தப்பினார் என்றும் எழுதுவது மற்ற பாஸ் கலைஞர்களுக்குச் செய்யும் அநியாயம். லஃபாரோவே மிக நன்றாக நடப்பார். எவன்ஸின் பியானோ தனி சூடு பிடிக்கும் இடங்களில் அவர் நாலடி நடையில் இறங்குவதை அதே பதிவுகளில் கேட்கலாம்.

இனி பியானோவின் இடது கைக்கு வருவோம். பழைய பாணிப் பியானோக்காரர்கள் இடது கையால் கார்டுக்குப் பெயர் தரும் மூல ஸ்வரத்தைக் கீழே அழுத்தமாகப் போட்டுவிட்டு, மேலே மற்ற ஸ்வரங்களைச் சேர்ப்பார்கள். அங்கே பாஸ் வாசிப்பவர் வேறு எங்கும் போக முடியாது. பியானோ 'ப' போட்டிருக்கும்போது பாஸ் பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டால் மந்தர ஸ்தாயியில் இரண்டும் மோதி மண்டிபோலக் கலங்கும். எவன்ஸ் அந்த மூல ஸ்வரத்தை எடுத்துவிட்டார். மேலே சொன்ன மூன்று கார்டுகளுக்கும் அந்தப் பாணி இடது கை இப்படி இருக்கும்: டி மைனருக்கு ம-த-ச-க, ஜி 7-க்கு ம-த-நி-க, சி மேஜருக்கு க-ப-நி-ரி. முதலாவதில் ரி இல்லை, இரண்டாவதில் ப இல்லை, மூன்றாவதில் ச இல்லை. வீட்டுக்காரரே வீட்டில் இல்லாத வீடு மாதிரி. ரெட் கார்லண்ட் போன்றவர்களும் இப்படி வாசித்தவர்கள்தான், எவன்ஸ் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் காலியாக விட்ட இடத்தை இன்னொருவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுவது என்ற முடிவை இவ்வளவு தூரம் கொண்டுபோனவர் அவர்.

அந்த இரண்டாவது கார்டை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பியானோக்காரரின் நான்கு விரல்கள் ம, த, நி, க மேல் இருக்கின்றன. கீழே பாஸ் 'ப' வாசித்தால் அது ஜி 7 குடும்பம், இதமான ஒரு கார்டு. அதே நான்கு விரல்களை அசைக்காமல் இருக்க, பாஸ் சுத்த ரிஷபத்தை வாசித்தால் மொத்தக் கார்டும் டி ஃபிளாட் 7 ஆக மாறிவிடும். டி ஃபிளாட்டிலிருந்து எண்ணினால் 'ம' அதற்கு மூன்றாவது, 'நி' ஏழாவது. முன்பு சாதுவாக இருந்த 'த'வும் 'க'வும் இப்போது காரமான கூட்டு ஸ்வரங்களாக மாறுகின்றன. பியானோக்காரர் எதுவுமே செய்யவில்லை, நிறம் மாற்றியது பாஸ். எந்தக் கார்டு என்று கடைசியாக முடிவு செய்யும் அதிகாரம் கைமாறிவிட்டது. வீட்டில் கீபோர்டு இருப்பவர்கள் வலது கையில் அந்த நான்கையும் பிடித்துக்கொண்டு, இடது கையில் கீழே 'ஜி', பிறகு 'டி ஃபிளாட்' என்று மாற்றி அழுத்திப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

மூல ஸ்வரத்தை யாருமே வாசிக்காமல் விட்டால் என்ன ஆகும்? சில பார்கள் தாங்கும், அப்புறம் மேற்கட்டு அந்தரத்தில் தொங்கும். லஃபாரோவைக் காப்பியடித்துப் பழகுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். மேல் ஸ்தாயியில் அழகழகாகப் பதில் சொல்லிக்கொண்டே போவார்கள், கீழே தரை இருக்காது. லஃபாரோவை நிதானமாகக் கேட்டால், பாட்டின் முக்கியமான வளைவுகளில், குறிப்பாகச் சரணம் திரும்பத் தொடங்கும் இடத்தில், கீழ்த்தந்தியில் ஒரு ஸ்வரத்தை ஊன்றிவிட்டுத்தான் மேலே ஏறுகிறார். அந்த ஒரு ஸ்வரம் பல அடிகளுக்குப் போதுமானதாக இருக்கிறது.

பால் மோஷனைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. அது பெரிய குறை. வழக்கமாக ட்ரம்ஸ்காரர் 'ரைடு' எனப்படும் பெரிய சிம்பலில் நான்கு அடியையும் சொல்லிக்கொண்டே போவார், ஹை-ஹாட் எனப்படும் ஜோடிச் சிம்பலை இடது காலால் இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் மூடுவார். பாஸின் ஒவ்வொரு மீட்டலும் சிம்பலின் மேல் ஒட்டிக்கொண்டு விழ வேண்டும். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே என்றால் குழுவே நொண்டும். இந்தச் சூழலில் பாஸ் நடையை நிறுத்தினால் சிம்பல் தனியாக நின்று ஓட்டைபோல ஒலிக்கும். மோஷன் அந்த நான்கையும் வரிசையாகச் சொல்வதைக் கைவிட்டார். பிரஷ்ஷால் வருடுகிறார், ஒரு சிம்பலைத் தொட்டு விடுகிறார், நான்கு அடிக்கு ஒன்றும் சொல்லாமலும் இருக்கிறார். ஆனால் தாளம் அங்கேதான் இருக்கிறது, மூன்று பேர் உள்ளுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. சாமர்த்தியமான மிருதங்கக்காரர் சமத்தை வெளியே காட்டாமல் சுற்றிவரும்போது சபையில் கை போடுபவர்கள் திணறுவார்களே, ஏறக்குறைய அதே நிலை.

இதில் நேரும் விபத்துக்கு ஒரு பெயர் உண்டு, 'பீட் திரும்பிவிட்டது' என்பார்கள். ஒருவர் ஒன்று என்று நினைக்கும் அடி இன்னொருவருக்கு இரண்டாக இருக்கும். இருவருமே தன் கணக்குத்தான் சரி என்று பிடிவாதமாக இருந்தால் பாட்டு முடியும் வரை சீராகாது. அதைச் சரிசெய்யும் சாவி பாஸிடம்தான் இருக்கிறது. பாட்டின் சுற்று திரும்பத் தொடங்கும் இடத்தில் மூல ஸ்வரத்தை உரக்க, நீளமாக, முதலடியில் வைத்தால் மற்ற இருவரும் அதில் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

லஃபாரோ எழுதிய இரண்டு பாட்டுகள் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் உள்ளன, இரண்டும் இந்தச் சிக்கலை வேண்டுமென்றே வரவழைப்பவை. 'குளோரியாஸ் ஸ்டெப்' ஐந்து பார், ஐந்து பார், பத்து பார் என்று 20 பாரில் முடிகிறது. நான்கு நான்காகவும் எட்டு எட்டாகவும் எண்ணிப் பழகிய காதுக்கு ஒவ்வொரு முறையும் கால் இடறும். 'ஜேட் விஷன்ஸ்' ஒன்பது எண்ணிக்கையில் போகிறது, சங்கீர்ணம் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். அதில் அவர் ஒற்றைத் தந்தியை மீட்டுவதோடு நிற்காமல் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தந்திகளை மீட்டிக் கார்டுகளாகவே வாசிக்கிறார். அன்றைய பதிவிலிருந்து முதலில் வெளியான ஆல்பம் இந்த இரண்டில் ஒன்றோடு தொடங்கி மற்றதோடு முடிகிறது. லஃபாரோ இறந்த பிறகு, அவர் வாசிப்பு நன்றாகத் தெரியும் பாட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கியதன் விளைவு அது. அதனால் அந்த ஆல்பத்தை மட்டும் கேட்டுவிட்டு 'பாஸ்காரர் ஓயாமல் முன்னால் வருகிறாரே' என்று எண்ண வேண்டாம். 2005-இல் ஐந்து சுற்றுகளும் வாசித்த வரிசையிலேயே மூன்று சிடிகளாக வந்தன. அதில் நிதானமான லஃபாரோவையும் கேட்கலாம். முதல் பாட்டின் நடுவில் மின்சாரம் தடைப்பட்டு ஒலி அறுந்து மீள்வதும் அதில் அப்படியே இருக்கிறது.

இனிக் கருவி. கட்டுரையில் மேதைமை என்ற சொல் நான்கு முறை வருகிறது, தந்தி உயரம் என்பது ஒருமுறையும் வரவில்லை. எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. டபுள் பாஸில் நான்கு தந்திகள், கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி. கீழ் 'ஈ' விநாடிக்கு சுமார் 41 அதிர்வு, மேல் 'ஜி' 98. ஜாஸில் பெரும்பாலும் புழங்கும் முக்கால் அளவுப் பாஸில் அதிரும் தந்தியின் நீளம் ஏறக்குறைய 105 செ.மீ. வயலினில் அது 33 செ.மீ. கூட வராது. இந்த நீளத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். தந்தி தொடங்கும் தலைப்பக்கத்தில், அதாவது சுருதி தாழ்ந்த இடத்தில், அரை ஸ்வரத்துக்கு அரை ஸ்வரம் விரல் தள்ளிப்போக வேண்டிய தூரம் பாஸில் கிட்டத்தட்ட 6 செ.மீ., வயலினில் 2 செ.மீ.க்கும் குறைவு. அதனால்தான் பாஸில் ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று மூன்று விரல் கணக்கு, ஒரு பிடியில் ஒரு முழு ஸ்வரம் மட்டும். மோதிர விரல் சுண்டுவிரலுக்கு முட்டுக்கொடுக்கும். தந்திகள் செல்லோவைப் போல ஐந்து ஸ்வர இடைவெளியில் இல்லாமல் நான்கு ஸ்வர இடைவெளியில் இருப்பதும் கை எட்டாத காரணத்தால்தான். ரெட் மிட்செல் 1966-இல் தன் பாஸை ஐந்து ஸ்வர இடைவெளிக்கு மாற்றிக்கொண்டு வாழ்நாள் முழுக்க அப்படியே வாசித்தார். ஆனால் அந்த வழியில் போனவர்கள் மிகக் குறைவு.

சுருதி மேலே ஏற ஏறத் தூரம் சுருங்கும். தந்தியின் சரிபாதியில், அதாவது ஒரு ஸ்தாயி மேலே, அரை ஸ்வரத்துக்கு 3 செ.மீ.தான். அங்கே கட்டைவிரலைத் தந்தியின் மேலேயே கிடத்தி அதையும் ஒரு விரலாக வாசிப்பார்கள். இன்னொரு ஸ்தாயி மேலே போனால் ஒன்றரை செ.மீ. வேகத்துக்கு வசதிதானே என்று தோன்றும். ஆனால் பிழையும் அதே கணக்கில் பெருகும். கீழே விரல் 2 மி.மீ. விலகினால் அரை ஸ்வரத்தில் முப்பதில் ஒரு பங்கு பிசகும், யார் காதுக்கும் எட்டாது. ஒரு ஸ்தாயி மேலே அதே 2 மி.மீ. பதினைந்தில் ஒரு பங்கு, இரண்டு ஸ்தாயி மேலே ஏழில் ஒரு பங்கு. பியானோ பக்கத்திலேயே சுத்தமாக ஒலித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பிசகு அப்பட்டமாகத் தெரியும். லஃபாரோ குடியிருந்தது அந்த மேல்மாடியில். வேகத்தை எல்லோரும் புகழ்கிறார்கள், அந்த இடத்தில் சுருதி நின்றதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வலது கையும் மாறியது. பழைய காலத்தில் ஆட்டுக் குடல் நரம்புகள், அவற்றை விரல் பலகையிலிருந்து உயரமாகத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். பலகை முடியும் இடத்தில் ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உயரம் இருப்பது சாதாரணம். ஒலிபெருக்கி இல்லாமல் பதினைந்து பேர் குழுவில் பித்தளைக் கருவிகளுக்கு நடுவே கேட்க வேண்டுமானால் வேறு வழியில்லை. உயரமான தந்தியை இழுத்து விட்டால்தான் உடல் முழுக்க முழங்கும். ஆள்காட்டி விரலை, அல்லது அதையும் நடுவிரலையும் ஒட்டிச் சேர்த்து, தந்தியின் மேல் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தோளின் எடையால் இழுப்பார்கள். விரல் நுனியால் சுண்டினால் ஒலி மெலியும், அரை மணியில் கொப்புளம் வரும். இந்த முறையில் நடை வாசிக்கலாம், ஆனால் நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் அடிக்கு இரண்டு ஸ்வரம், அதாவது விநாடிக்கு ஆறேழு ஸ்வரம், தொடர்ந்து வாசிக்க ஒரு விரலால் ஆகாது. ஆள்காட்டியும் நடுவிரலும் தனித்தனியாக மாறி மாறி மீட்ட வேண்டும். இந்த முறையை லஃபாரோவுக்கு லாஸ் ஏஞ்சலஸில் காட்டிக்கொடுத்தவர் மேலே சொன்ன ரெட் மிட்செல்தான். 18 வயது வரை கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசித்துக்கொண்டிருந்தவர் லஃபாரோ, கல்லூரியில் தந்திக்கருவி ஒன்று கட்டாயம் என்பதற்காகப் பாஸைத் தொட்டவர். அவருடைய வாக்கியங்கள் ஊதுகருவிபோல மூச்சுவிட்டு மூச்சுவிட்டு வருவதற்குக் காரணம் தேடுபவர்கள் இங்கே தொடங்கலாம்.

இரண்டு விரல் மாறி மாறி ஓட வேண்டுமென்றால் தந்தி தாழ்ந்திருக்க வேண்டும். லஃபாரோ குதிரையை, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டை, தாழ்த்திக்கொண்டார். தாழ்த்துவதற்கு ஒரு விலை உண்டு: ஒலி சிறுக்கும். தந்தி மேலும் கீழும் ஆட இடமில்லாததால் பலமாக மீட்டினால் பலகையில் உரசி 'கர்ர்' என்று கரகரக்கும். நீள்வாக்கில் பலகையின் நடுவே மெல்லிய குழிவு இருந்தால்தான் தாழ்ந்த தந்தி சுத்தமாக ஒலிக்கும். பலகையில் எங்காவது மேடு விழுந்திருந்தால் குறிப்பிட்ட ஒன்றிரண்டு ஸ்வரங்கள் மட்டும் அழும். அப்போது குதிரையை உயர்த்துவது வைத்தியமல்ல, பலகையை இழைக்க வேண்டும். வான்கார்டில் நூற்றுச் சொச்சம் பேருக்கு மேல் உட்கார இடமில்லை, தரைக்குக் கீழே ஆப்பு வடிவ அறை, பக்கத்தில் ட்ரம்பெட் வரிசை கிடையாது, ட்ரம்ஸ்காரர் கையில் பிரஷ். சிறுத்த ஒலி அங்கே போதுமானதாக இருந்தது. ஆக மோஷன் விட்டுக்கொடுத்தது தாளத்தில் மட்டுமல்ல, சத்தத்திலும்தான். இதே லஃபாரோவை 18 பேர் கொண்ட பெரிய குழுவில் நிறுத்தியிருந்தால் அந்தத் தந்திகளை மறுபடி மேலே ஏற்றத்தான் வேண்டியிருந்திருக்கும்.

பாஸ் வைத்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். எஃகுத் தந்தி போட்ட பாஸில் பலகை முனையில் ஜி தந்திக்கு 5 முதல் 6 மி.மீ., ஈ தந்திக்கு 8 முதல் 9 மி.மீ. என்பது நடுத்தரம். குதிரையின் கால்களில் திருகுச் சக்கரம் இருந்தால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. ஏறும் அல்லது இறங்கும். தந்தியைச் சற்றுத் தளர்த்திவிட்டு இரு பக்கமும் கால் கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் மேற்பலகை உப்பித் தந்தி உயரும், வறண்டால் தாழ்ந்து கரகரக்கும். ஆகவே பருவத்துக்குப் பருவம் இந்த வேலை இருக்கும். தந்தியை முறுக்கும்போதெல்லாம் குதிரையின் தலை கழுத்துப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். வாரம் ஒருமுறை பக்கவாட்டில் நின்று பார்த்து நிமிர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் பட்டென்று விழும், மேற்பலகையும் பிளக்கலாம். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் அழுத்தம் போய், உள்ளே குதிரையின் ஒரு காலுக்கு அடியில் நிற்கும் மரத்தூண் சாய்ந்துவிடும். பசை போட்டு ஒட்டியதல்ல அது, இறுக்கத்தில் மட்டும் நிற்பது. அதைத் திரும்ப நிறுத்தக் கைதேர்ந்த ஆள் வேண்டும்.

லஃபாரோவின் பாஸ், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஆபிரகாம் பிரெஸ்காட் செய்தது. அந்த விபத்தில் அதுவும் மோசமாகச் சிதைந்தது, பிறகு நியூயார்க்கின் கோல்ஸ்டீன் பட்டறையில் புதுப்பிக்கப்பட்டது. அழிந்துபோயிற்று என்று கட்டுரையில் இருப்பது சரியல்ல.

'லஃபாரோவுக்கு முன் பாஸ் பேசியதே இல்லை' என்ற வரிக்கு ஜிம்மி பிளான்டன் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். 1939-இல் டியூக் எலிங்டன் அவரைத் தன் குழுவில் சேர்த்தார், 1940-இல் ட்ரம்ஸ் கூட இல்லாமல் பியானோவும் பாஸும் மட்டுமாக இருவரும் பதிவு செய்தார்கள். 1942-இல் காசநோயில் பிளான்டன் இறந்தபோது வயது 23. அங்கேயும் இடம் ஒழித்துக் கொடுத்தவர் பியானோவில் இருந்தவர்தான்.

லஃபாரோவையும் அவர் காலத்து இன்னொரு பாஸ் கலைஞரையும் காதால் ஒப்பிட ஒரு நல்ல வழி உண்டு. 1960 டிசம்பர் 21 அன்று சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் இரண்டு நால்வர் குழுக்களை ஒரே அறையில் நிறுத்தி 'ஃப்ரீ ஜாஸ்' பதிவு செய்தார், சுமார் 37 நிமிடம். இடது காதில் கோல்மன், டான் செர்ரி, லஃபாரோ, பில்லி ஹிக்கின்ஸ். வலது காதில் எரிக் டால்ஃபி, ஃப்ரெடி ஹப்பர்ட், சார்லி ஹேடன், எட் பிளாக்வெல். இரண்டு பாஸ் மட்டும் தனித்து வரும் இடத்தில் ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மாற்றி மாற்றிக் கழற்றிப் பாருங்கள். ஹேடன் கீழே கனமாக, அவசரமில்லாமல், ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப ஊன்றிக்கொண்டிருப்பார். லஃபாரோ மேலே பறந்துகொண்டிருப்பார். இவர்களில் யார் சிறந்தவர் என்று கேட்பது அபத்தம், ஒருவர் கீழே இருப்பதால்தான் மற்றவர் மேலே இருக்க முடிகிறது. மேலே எவன்ஸைப் பற்றிச் சொன்னதுதான் இங்கே இரண்டு பாஸ்களுக்கு நடுவே நடக்கிறது.

கட்டுரையின் முடிவில் 'கைபேசியில் கேட்டு மகிழுங்கள்' என்று இருந்தது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் பாஸின் அடி ஸ்வரங்கள் வெளியே வருவதே இல்லை. மேல் அதிர்வுகளை வைத்துக் காது ஊகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். லஃபாரோவின் மேல்மாடி கேட்கும், அவர் ஊன்றிய அடித்தளம் கேட்காது. கேட்பவருக்கு அது வெறும் துள்ளலாகத்தான் படும். காதை மூடும் ஹெட்ஃபோன் வேண்டும், பாஸைக் கூட்டிக்காட்டும் பொத்தானை அணைத்துவிட வேண்டும். தொடங்குவதற்கு 'ஜேட் விஷன்ஸ்' நல்லது. அன்றிரவுக் கடைசிச் சுற்றில் அதை அடுத்தடுத்து இரண்டு முறை வாசித்தார்கள், மூன்று சிடி தொகுப்பில் இரண்டும் உள்ளன. முதல் தடவை ஒன்பதை எண்ணிக்கொண்டே கேளுங்கள். இரண்டாம் தடவை எண்ணாமல், மோஷன் எங்கெல்லாம் சும்மா இருக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். பின்னால் யாரோ பேசுவதும் கண்ணாடி டம்ளர்கள் உரசுவதும் கேட்கும். அது உங்கள் ஹெட்ஃபோன் கோளாறு அல்ல.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்ட வேண்டியிருந்தால் குதிரை, திருகு பற்றிய பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள், பியானோவின் இடது கையை மட்டும் விட்டுவையுங்கள். படக்குறிப்புத் திருத்தம் அடுத்த வாரம் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி